சுவர் இருந்த இடம்

ஜூலை 6

நவநீதனும் தாரணியும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். ரசத்துக்கு வருவதற்குள் சண்டை வந்துவிட்டது. என் மகனும் நானும் சண்டை போட இப்போதெல்லாம் ஒரே விஷயம்தான். வீடு.

கூடுவாஞ்சேரியையும் தாண்டி, இன்னும் கட்டியே முடிக்காத ஒரு அடுக்குமாடியில் பதினான்காம் தளத்துக்கு முன்பணம் கட்டப் போகிறானாம். விலை எழுபத்தெட்டு லட்சம். அவனுக்கு வேலை பெருங்குடியில். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். தாரணிக்கு இது ஐந்தாம் மாதம். பிறக்கப் போகும் பிள்ளை தன் அப்பனை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கும்.

"முப்பத்தொம்போது வயசாவுது உனக்கு. நான் முப்பத்திரண்டுல இந்த வீட்டுச் சாவிய வாங்கிட்டேன்" என்றேன்.

"வாங்கினீங்க. அது உங்க மூணு வருஷச் சம்பளம்ப்பா. எனக்குப் பதினாறு வருஷச் சம்பளம். அதுவும் சோறு திங்காம, துணி போடாம."

"நாங்க மட்டும் தின்னு கொழுத்தோமா? உங்கம்மா ரெண்டு பொடவையில ஓட்டினா. நீங்க காபிக் கடையில கொண்டுபோய்க் கொட்டுற காசுல..."

"ஆரம்பிச்சிட்டீங்களா. காபிய நிறுத்தினா வீடு வாங்கிடலாம்னா இந்த ஊர்ல ஒருத்தனும் காபி குடிக்க மாட்டான்."

தாரணி சிரித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. நான் எப்போதும் சொல்வதைச் சொன்னேன். எடம் பத்தலன்னா எடத்த உண்டாக்கிக்கணும். நீ உக்காந்து சாப்புடுற இந்த ஹால் ஹவுசிங் சொசைட்டிக்காரன் குடுத்ததா?

"நீங்க உண்டாக்கினது" என்று என் குரலிலேயே முடித்து வைத்தான். சின்ன வயதிலிருந்து கேட்கிறானே.

என் மனைவி அம்சவேணி தயிர் கொண்டுவர எழுந்து போனாள். தயிர் மேசையிலேயேதான் இருந்தது.

ஜூலை 7

மின்சாரக் கட்டணம் கட்டினேன். முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஜூலை 13

ராத்திரியெல்லாம் யோசித்து, காலையில் ஸ்டெல்லா டீச்சருக்குப் போன் போட்டேன். எங்களுக்கு நேர் மேலே, முதல் மாடி வீடு அவருடையது. ஓசூரில் மகனோடு இருக்கிறார். நாலு வருஷமாக வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. விற்கிறீர்களா என்று கேட்டேன். பழைய கட்டடம், யார் வாங்கப் போகிறார்கள் என்று அவரே விலையைக் குறைத்துக்கொண்டு வந்தார். ஐம்பத்திரண்டு லட்சத்தில் நின்றது.

எனக்கு அதுவே மயக்கமாக வந்தது. அதே அளவு வீட்டை நான் முப்பத்தெட்டாயிரத்துக்கு வாங்கினேன். ஆனாலும் நவநீதன் எங்கள் தலைக்கு மேலேயே இருப்பான். பேரப்பிள்ளை படி இறங்கி வரும். ஆபீஸ் அரை மணி நேரம். போனில் சொன்னேன். "பழசுப்பா" என்று இழுத்தான். "பழசுன்னாதான் கட்டுமானம். இப்பக் கட்றதெல்லாம் அட்டைப் பெட்டி" என்றேன். பார்க்கிறேன் என்றான். அவன் பார்க்கிறேன் என்றால் பாதி சம்மதம்.

அம்சவேணியிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "மேல் வீடா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 18

சாவியை எடுத்துக்கொண்டு மேலே போய்ப் பார்த்தேன். ஒட்டடையும் எலிப் புழுக்கையும் தவிரக் குறை ஒன்றுமில்லை. ஹாலுக்கும் முன்னறைக்கும் நடுவில் இருக்கும் சுவரில் சாய்வாக ஒரு விரிசல். அந்தச் சுவரில் உள்ள கதவு மூடவில்லை, மேல் மூலையில் இடிக்கிறது. நாலு வருஷம் பூட்டிக் கிடந்தால் மரம் ஊதத்தான் செய்யும். ஆசாரியை வரவழைத்து இழைத்துவிட்டேன். விரிசலில் பட்டி பூசச் சொன்னேன்.

அந்தச் சுவர் எங்கள் வீட்டில் கிடையாது. 1997-ல் நான் எடுத்துவிட்டேன்.

ஜூலை 20

பிள்ளைகள் மேல் வீட்டைப் பார்த்தார்கள். தாரணிக்குப் பிடித்துவிட்டது. பால்கனிக்கு எதிரே இருக்கும் புங்க மரத்தைப் பார்த்ததுமே முகம் மலர்ந்தது. மசக்கைக்காகக் கையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து மோந்துகொண்டே இருக்கிறாள். அது கை நழுவித் தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் நிற்கவில்லை. மெதுவாக உருண்டு போய், அந்தச் சுவர் ஓரமாக நின்றது.

"தரை கொஞ்சம் சாயுதா மாமா?"

"தண்ணி ஊத்திக் கழுவுறதுக்கு அந்தக் காலத்துல வாட்டம் வச்சுத்தாம்மா போடுவாங்க" என்றேன்.

ஹாலின் நடுப்பக்கத்துக்கு யார் வாட்டம் வைப்பார்கள். அவளுக்குத் தெரியாது. நவநீதன் கைபேசியில் அறையை அளந்துகொண்டிருந்தான்.

ஜூலை 24

எங்கள் ஹால் கூரையில், பழைய சுவர் இருந்த கோட்டில், வாசல் பக்கமாக ஒரு விரிசல். மயிர்க்கோடுதான். எப்போது வந்தது என்று தெரியவில்லை. அண்ணாந்து பார்க்கிற வயதா இது.

பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. சுவரில் விரிசல் விட்டால் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டி, தேதி எழுதிவிடுவோம். விரிசல் அப்படியே இருந்தால் கண்ணாடியும் இருக்கும். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். முப்பத்தைந்து வருஷம் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவனுக்கு இது கைவந்த விஷயம். வீட்டில் கண்ணாடி இல்லை. மகள் செல்வராணியின் நிச்சயதார்த்தப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, அதன் கண்ணாடியில் ஒரு விரல் அகலத்துக்கு இரண்டு துண்டு நறுக்கிக்கொண்டேன். ஸ்டூல் போட்டு ஏறி ஒன்றை ஒட்டினேன். 24.7 என்று எழுதினேன். அம்சவேணி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்கவில்லை.

அந்த நிச்சயதார்த்தத்துக்காகத்தான் சுவரை எடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் வருவார்கள், பத்தடி ஹாலில் எங்கே உட்கார வைப்பது? மண்டபம் பிடிக்க வசதியில்லை. நடுச்சுவரை எடுத்துவிட்டுக் குறுக்கே ஓர் இரும்பு கர்டர் கொடுத்தேன். பழைய இரும்புக் கடையில் நானே தேடிப் பிடித்து, எடை போட்டு வாங்கியது. ஒரே வாரத்தில் வேலை முடிந்தது. பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் வந்து பார்த்துவிட்டு மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். சம்பந்தி வீட்டில் இன்றைக்கும் அந்த ஹாலைச் சொல்வார்கள்.

ஜூலை 31

கண்ணாடி நன்றாக இருக்கிறது. நவநீதனுக்கு வங்கிக் கடன் கிடைத்துவிடுமாம். ஐம்பத்தொன்பது வயது வரைக்கும் கட்ட வேண்டும். கூடுவாஞ்சேரிக்குச் சொல்லிவிட்டானாம், வேண்டாமென்று.

நான் ஜெயித்தேன்.

ஆகஸ்ட் 5

வங்கியிலிருந்து மதிப்பீடு செய்ய ஒரு பெண் பொறியாளர் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், தோளில் பை, கையில் அளவு நாடா. மேல் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். புதிதாகப் பூசிய பட்டியை நகத்தால் கீறினாள். கதவைத் திறந்து திறந்து மூடினாள்.

"இது தூண் இல்லாத கட்டடம் சார். சுவர்தான் எல்லாத்தையும் தாங்குது. கீழ் வீட்டுல இதே இடத்துல சுவர் இருக்கில்ல?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே, "ஒரு தடவ கீழயும் பாத்துடறேன்" என்று படி இறங்கிவிட்டாள். முழங்கால் வலியோடு பின்னால் ஓடினேன். எங்கள் வாசலில் அவளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"வீட்டம்மாவுக்கு அம்மை போட்டிருக்கும்மா. வேப்பிலை கட்டணும், இன்னும் கட்டல" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று எனக்கே தெரியவில்லை. ஆடி மாதம், யாருக்கும் சந்தேகம் வராது. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்வாங்கினாள். "சுவர் இருக்கு, அப்படியே இருக்கு" என்றேன். எழுதிக்கொண்டாள்.

உள்ளே அம்சவேணி சுவர் இருந்த இடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். "எனக்கு அம்மை வந்தா நீங்கதான் பாத்துக்கணும்" என்றாள். தமாஷாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 9

கண்ணாடி உடைந்துவிட்டது.

நடுவில் நேராக, பிளேடால் கீறியது போல. காலையில் காபி குடிக்கும்போது பார்த்தேன். சில சமயம் சிமெண்ட் காய்ந்து சுருங்கினாலும் கண்ணாடி விடும். பணிமனையிலும் ஓரிரு முறை அப்படி ஆனதுண்டு. மீதமிருந்த துண்டை எடுத்து, பழையதைப் பெயர்த்துவிட்டு அதே இடத்தில் ஒட்டினேன். தேதி எழுத வேண்டுமே. 24.7 என்று எழுதினேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று இங்கே எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 10

வெண்டைக்காய் முற்றல். கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 16

கொளஞ்சியைத் தேடிப் போனேன். 97-ல் சுவரை எடுத்துக் கொடுத்த கொத்தனார். தெரு தெருவாக விசாரித்து, முட்டுக் கம்பியும் பலகையும் வாடகைக்கு விடும் ஒரு கடையில் அவர் மகனைக் கண்டுபிடித்தேன். கொளஞ்சி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிவிட்டதாம்.

யாரென்று சொன்னேன். அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"கர்டர் வீட்டு சாருங்களா? அப்பா உங்க வீட்டப் பத்திச் சொல்லுவாரு சார். உங்க தெருவுல போனா எதிர்ப்பக்கமாத்தான் நடப்பாரு. எங்களையும் அப்படித்தான் நடக்கச் சொல்லுவாரு."

டீ வாங்கிக் கொடுத்தான். குடிக்க முடியவில்லை.

எழுதிவிடுகிறேன். கர்டர் நீளம் குறைந்தது. இரண்டு முனையும் முழுச் சுவரில் உட்கார வேண்டும். வாசல் பக்கத்தில் நாலு அங்குலம்தான் உட்கார்ந்தது. வாசல் பக்கம் இன்னும் தள்ளினால் பின்பக்க முனை குறையும். கொளஞ்சி சாரத்திலிருந்து இறங்கி வந்து, கையில் இருந்த சாந்தைக்கூடக் கழுவாமல் சொன்னார்: "இது தாங்காது சார். இத விட ஒண்ணரை அடி கூடுதலா வேற வாங்கியாங்க, நான் கூலி கேக்கல." நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் இருந்தது. "நாலு அங்குலம் போதும், பூசிடு" என்றேன். நான் இரும்போடு புழங்கியவன், எனக்கா சொல்லித் தருகிறாய் என்றும் சொன்னேன். பூசிவிட்டார். மீதிக் கூலியை வாங்க வரவே இல்லை. நான் அதை என் கெட்டிக்காரத்தனமாக எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 21

நாளை பத்திரப் பதிவு. ஆவணி பிறந்து முதல் நல்ல நாள். போகிற வழியில் சொல்லிவிட வேண்டும். வண்டியில் அவனும் நானும் மட்டும்தான் இருப்போம்.

ஆகஸ்ட் 22

வண்டியில் தாரணியின் அப்பாவும் வந்தார்.

பதிவு அலுவலகத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஸ்டெல்லா டீச்சர் ஓசூரிலிருந்து வந்திருந்தார். நவநீதன் கைரேகை வைக்கும்போது என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். "நல்லா அழுத்தி வை" என்றேன்.

வெளியே வந்ததும் அந்தக் கூட்டத்தில், செருப்புக் கால்களுக்கு நடுவே குனிந்து என் காலைத் தொட்டான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அதைச் செய்ததில்லை. "உங்க பேச்சக் கேட்டதுனாலதாம்ப்பா எனக்குன்னு ஒரு வீடு ஆச்சு" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 27

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நவநீதன் மாலையில் வந்தான். கையில் சுருட்டிய காகிதம். மேல் வீட்டின் படம், அவனே போட்டது. எங்கள் ஹாலின் நடுவே வந்து நின்று, கையை இரண்டு பக்கமும் விரித்தான். ஐந்து வயதில் இதே இடத்தில் சுவரில் கிறுக்கிவிட்டு என்னிடம் அடி வாங்கியவன்.

"அப்பா, இத்தினி வருஷம் உங்கள எதுத்துப் பேசிட்டேன். இப்பத்தான் புரியுது. எடம் பத்தலன்னா உண்டாக்கிக்கணும். மேல நானும் இந்தச் சுவர எடுத்துடறேன். நீங்க பண்ணின மாதிரியே, அதே கர்டர் போட்டு. கொளந்தை ஓடி வெளையாட எடம் வேணும்ல. நாலாம் தேதி பால் காய்ச்சிட்டு, அஞ்சாம் தேதி உடைக்க ஆரம்பிச்சிடலாம்."

முப்பத்தொன்பது வருஷமாக அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை கேட்கத்தான் ஏங்கினேன். கேட்டபோது நான் கூரையைத்தான் பார்த்தேன்.

மேல் வீட்டுச் சுவர் என் கர்டரின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேலே இரண்டாம் மாடிச் சுவர், அதற்கு மேலே மொட்டை மாடி. நடுவில் இருப்பதைச் சம்மட்டியால் அடித்து எடுத்து, கனத்தையெல்லாம் இரண்டு முனைக்குத் தள்ளினால், வாசல் பக்கத்து நாலு அங்குலம்.

"அவசரப்படாத, பாத்துச் செய்யலாம்" என்றேன். "இதுல என்னப்பா பாக்க இருக்கு? நீங்க ஒரு வாரத்துல முடிச்சீங்களே" என்றான்.

அம்சவேணி சமையலறை வாசலில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 30

மேலே கிரானைட் பலகைகள் ஏற்றினார்கள். முப்பத்தாறு. மணல் மூட்டை, சிமெண்ட் மூட்டை, எல்லாவற்றையும் அந்தச் சுவரோரமாகவே அடுக்குகிறார்கள். நான் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எண்ணினேன்.

பதினொன்றாவது பலகைக்கு இரண்டாம் கண்ணாடியும் விட்டது. சத்தம் கேட்டது. சின்னச் சத்தம், பல்லில் உப்பு நெரிபடுவது போல.

மூட்டைகளை வேறு அறைக்கு மாற்றச் சொன்னேன். ஏன் தாத்தா என்று கேட்டார்கள். வாஸ்து என்றேன். சிரித்துக்கொண்டே மாற்றினார்கள்.

நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. பழைய இடத்திலேயே போட்டேன்.

செப்டம்பர் 3

நாளைக்கு நாற்பது பேர் வருகிறார்கள். நாற்பதுதான். அதே எண்ணிக்கை.

அம்சவேணி முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்: "ஏங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"எத?"

"கொளஞ்சி அன்னைக்கு என்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனாரு. சார் கேக்க மாட்டேங்கறாரு, நீங்களாவது சொல்லுங்கம்மான்னாரு. பொண்ணு நிச்சயம் நின்னுடுமோன்னு நானும் வாய மூடிக்கிட்டேன். இருவத்தெட்டு வருஷமா இந்த ஹால்ல நான் படுத்ததில்ல. கவனிச்சிருக்கீங்களா?"

கவனித்ததில்லை. சமையலறைப் பக்கத்து உள்ளறையில்தான் எப்போதும் படுப்பாள். காற்று வரும் என்பாள். அங்கே ஜன்னலே கிடையாது.

"நாளைக்கு நல்ல காரியம் முடியட்டும். உடைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்" என்றேன்.

செப்டம்பர் 4

மேலே போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். ஏழரைக்குப் பால் காய்ச்ச நேரம். நான் கீழே என் நாற்காலியில் காபியோடு உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே காலடிச் சத்தம். ஜமுக்காளம் விரிக்கிறார்கள், யாரோ அண்டா இழுக்கிறார்கள், பிள்ளைகள் ஓடுகின்றன. காபியில் வெள்ளையாக ஏதோ விழுந்தது. விரலால் எடுத்தேன். சுண்ணாம்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று.

எழுந்தேன். எப்படி மாடி ஏறினேன் என்று தெரியவில்லை. அடுப்பில் பால் விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. தாரணி பட்டுப்புடவையில், ஏழு மாத வயிற்றோடு, அந்தச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"எல்லாரும் கீழ எறங்குங்க" என்றேன். "தெருவுக்குப் போங்க. நின்னு பேசாதீங்க, போங்க."

தாரணியின் அப்பா எழுந்து வந்தார். "என்ன சம்பந்தி, நல்ல நேரத்துல இப்படி..."

"இந்த வீடு தாங்காது. கீழ நான் போட்ட கர்டர் தாங்கல."

நவநீதன் என்னைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். முகம் சிவந்திருந்தது. "உங்களக் கேக்காம முடிவு பண்ணிட்டேன்னு கோபமா? நீங்க பண்ணா சாமர்த்தியம், நான் பண்ணா வீடு தாங்காதா? இருவத்தெட்டு வருஷம் அந்த ஹால வச்சே என்னை மட்டந்தட்டினீங்க. நானும் ஒண்ணு செய்யப் போறேன்னதும் பொறுக்கல, இல்ல?"

சொன்னேன். குறையுது என்றேன், நாலு அங்குலம் என்றேன், கொளஞ்சி என்றேன். அவன் காதில் ஏறவில்லை. நான் இத்தனை வருஷம் அவனிடம் சொன்ன பெருமையை இப்போது நானே சொல்லியும் அழிக்க முடியவில்லை. யாரோ, பெரியவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கும், உட்கார வையுங்கள் என்றார்கள்.

கீழே வந்தேன். பரணிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். ஸ்டூலைப் போட்டேன். அம்சவேணி மேலேயிருந்து என் பின்னாலேயே இறங்கி வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். வாசல் பக்கத்து முனையில் உளியை வைத்தேன். சுத்தியலுக்கு வேலையே இல்லை. நுனியை நுழைத்ததும் பூச்சு ஒரு பலகையளவுக்குப் பெயர்ந்து, என் தோளில் பட்டு, தரையில் விழுந்து உடைந்தது. அந்தச் சத்தத்துக்கு நவநீதன் ஓடி வந்தான்.

நான் இறங்கிவிட்டேன். வாயால் சொல்லவில்லை, கையைக் காட்டினேன். அவன் ஸ்டூலில் ஏறினான். இரும்பு ஏடு ஏடாக உரிந்து தொங்கியது. அதற்குக் கீழே இருந்த செங்கல்லின் விளிம்பு பொடிந்து போயிருந்தது. மீதமிருந்த இடத்தில் நவநீதன் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். மூன்று விரலுக்கு இடமிருந்தது. நாலாவது விரலுக்கு இல்லை.

அவன் கத்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. இறங்கி மேலே போனான். "தாரணி, மெதுவா எறங்கு. ஓடாத. யாரும் ஓடாதீங்க" என்று அவன் சொல்வது கேட்டது. இரண்டாம் மாடியில் இருப்பவர்களையும் அவன்தான் போய் அழைத்து வந்தான். எல்லோரும் புங்க மரத்தடியில் நின்றோம். பட்டுப்புடவைகளும் மாலைகளுமாக, ஏதோ ஊர்வலம் பார்க்க வந்தவர்கள் மாதிரி. மேலே பால் பொங்கிக் கருகிய வாசனை தெருவரைக்கும் வந்தது. அடுப்பை யாரும் அணைக்கவில்லை. யாரையும் மேலே போக நவநீதன் விடவில்லை.

செப்டம்பர் 7

எங்கள் பக்கத்து ஆறு வீடுகளையும் காலி செய்துவிட்டார்கள். கொளஞ்சியின் மகன் முட்டுக் கம்பிகள் கொண்டுவந்து ஹாலில் வரிசையாக நிறுத்திக் கொடுத்தான். வாடகை வேண்டாம் என்றான். மாநகராட்சிப் பொறியாளர் பார்த்துவிட்டு, இடிப்பதைத் தவிர வழியில்லை என்று ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார். இடித்து மறுபடி கட்ட எத்தனை வருஷமோ. அதுவரைக்கும் குடியிருக்க முடியாத வீட்டுக்கு நவநீதன் மாதாமாதம் தவணை கட்டுவான், அவன் இருக்கும் வீட்டுக்கு வாடகையும் கட்டுவான்.

அந்த வாடகை வீட்டில்தான் நாங்களும் இருக்கிறோம். சின்ன ஹால். ராத்திரி எங்கள் பாயை விரித்தால் கதவு திறக்காது. தாரணி எப்போதும் போல "மாமா, காபி" என்று கொண்டுவந்து வைக்கிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நாலாம் தேதிக்குப் பிறகு நவநீதன் இன்றுதான் என்னோடு பேசினான். எதிரே வந்து உட்கார்ந்தான். கைக்குட்டையைப் பிரித்தான். உள்ளே இரண்டாக உடைந்த கண்ணாடித் துண்டு.

"முட்டுக் குடுக்கறப்ப விழுந்துது. இருவத்திநாலு ஏழுன்னு போட்டிருக்கு. உங்க கையெழுத்து. இது எதுக்குன்னு கொளஞ்சி பையன் சொன்னாரு."

கைக்குட்டையில் கிடந்த 24.7-ஐப் பார்த்தேன்.

"எப்ப ஒடஞ்சுதுப்பா?"

"நாலாந்தேதி காலையில" என்றேன்.

"அப்ப பத்திரம் பதியறப்ப நல்லாத்தான் இருந்துதா?"

"இருந்துது."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தான். தலையை ஆட்டினான். கண்ணாடியை மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "சரிப்பா, நீங்க என்ன பண்ணுவீங்க, உங்களுக்கே அன்னைக்குத்தான தெரிஞ்சிருக்கு" என்றான். என் தோளில் கையை வைத்துவிட்டு எழுந்துபோனான்.

அம்சவேணி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டாள். எழுந்து வந்து, நீங்க எழுதுற அந்த நோட்டைக் குடுங்க, அவன்கிட்ட குடுக்கணும் என்கிறாள். எழுதி முடித்துவிட்டுத் தருகிறேன் என்றேன்.

கையை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள். இன்னும் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.